மில் டீம் இரண்டு, டிப்போ ஒன்று

மைதானத்தின் மேற்கு மூலையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்கோர் பலகை நின்றது. அதன் முதுகோடு ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு கறுப்பு டெலிபோன். இருபத்திரண்டு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்த மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பலகைக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். கட்டினவள்கூடக் கோபம் வந்தால், "பலகைக்காரரே, சாப்பிட வர்ற உத்தேசம் இருக்கா, இல்ல தகட்டையே கடிச்சிக்கப் போறீங்களா?" என்றுதான் கேட்பாள்.

வார நாளில் புல் வெட்டுவார், சுண்ணாம்புக் கோடு போடுவார், கோல் வலையில் ஓட்டை விழுந்தால் முடிச்சுப் போட்டு அடைப்பார். சனிக்கிழமை காலையிலிருந்து நாலு ஆட்டம். கோல் விழ விழ, எண் எழுதின தகடுகளைக் கொக்கியில் மாட்டுவார். ஆறாம் எண் தகடு ஒன்று எப்போதோ புயலில் பறந்து போய்விட்டது. ஒன்பதைத் தலைகீழாக மாட்டிக் காலத்தை ஓட்டினார். கடைசி விசில் அடித்ததும் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டு நாலு முடிவையும் சொல்லுவார். மைதானத்துக்கு வர முடியாதவர்களும் அந்த எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்பார்கள். அலுக்காமல் எல்லோருக்கும் சொல்லுவார்.

சொல்வதில் ஒரு விதி வைத்திருந்தார். எந்த ஸ்கோரானாலும் இவர் இரண்டு தடவை சொல்லுவார், தகடு மாட்டுகிறவனும் பேப்பர்க்காரரும் ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் தகடு கொக்கிக்குப் போகும், முடிவு பேப்பருக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இறுதி ஆட்டத்தில் தகட்டை மாற்றி மாட்டிவிட்டு, மூவாயிரம் பேரின் செருப்பு வாங்கின அன்று பிறந்த விதி அது.

பத்திரிகை ஆபீசில் விளையாட்டுப் பக்கம் பார்க்கிறவருக்கு இவர் வைத்த பெயர் பேனாக்காரர். அவருக்கு இந்த விதி பிடிக்காது.

"அண்ணே, ஒரு தடவை சொன்னாலே காது கேக்குதுண்ணே. என் கல்யாணத்துக்கே என்கிட்ட ஒரு தடவைதான் சம்மதம் கேட்டாங்க."

"அதான் நீ இந்தப் பாடு படுறே. ரெண்டாவது தடவை கேட்டிருந்தா யோசிச்சிருப்பே. இப்ப திருப்பிச் சொல்லு."

பேனாக்காரர் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்லுவார்.

பலகைக்காரருக்குப் பிள்ளை இல்லை. தம்பி இருந்தான். பதினாலு வயசு இளையவன். அப்பா மில்லில் வேலை செய்து நெஞ்சு அடைத்துப் போனார், அம்மா பின்னாலேயே போனாள். சின்னவன் என்று கூப்பிட்டு, அண்ணனும் அண்ணியும்தான் வளர்த்தார்கள். மீசை முளைத்ததிலிருந்து ஐந்து வருஷம் அவன்தான் ஏணி மேல் நின்று தகடு மாட்டினான். கீழேயிருந்து இவர், "மில் ரெண்டு, மில் ரெண்டு" என்பார். மேலேயிருந்து "மில் ரெண்டு" என்று குரல் வரும். தகடு கொக்கியில் விழுகிற சத்தம் கேட்கும். அண்ணன் தம்பி பேச்சே அநேகமாக அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

பிறகு மில்லை இழுத்துப் பூட்டினார்கள். மில்லின் பேரில் இருந்த டீமை மட்டும் யாரும் பூட்டவில்லை, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சின்னவன் வேறு ஆட்களோடு சேர்ந்தான். சுவரில் எழுத்து, வாயில் நெருப்பு. "ஏண்டா, கத்துனா மில்லு திறந்துடுமா?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "நீ தகடு மாட்டிக்கிட்டே செத்துப் போ அண்ணே, நான் அப்படிச் சாக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனவன்தான். இரண்டு வருஷம் தகவல் இல்லை. அண்ணி அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தே இருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் தபால் ஆபீசில், முத்திரை குத்துகிற கவுண்டருக்குக் கீழே வைத்திருந்த பை வெடித்தது. ஏழு பேர் செத்தார்கள். மூன்றாம் நாள் சுவரெல்லாம் போலீஸ் நோட்டீஸ். நோட்டீசில் சின்னவன் முகம். பை வைத்தவன் இவன்தான், இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊர்க்காரர்களையே கொன்றவன் என்று எழுதியிருந்தது. ஸ்கோர் பலகையின் காலிலும் ஒன்று ஒட்டினார்கள். பசை கொண்டு வராமல் வந்துவிட்ட போலீஸ்காரர், ஆள் யாரென்று தெரியாமல் பலகைக்காரரிடமே பசை கேட்டார். இவர் எடுத்துக் கொடுத்தார்.

செத்தவர்களில் ஒருத்தி மில் டீம் கோல்கீப்பரின் மனைவி. அக்காளுக்குக் கடிதம் போட வரிசையில் நின்றவள். அந்தக் கீப்பருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். அவன் நின்றால் பந்து உள்ளே போகாது, அதனால் பூட்டு. காரியமெல்லாம் முடிந்த அடுத்த சனிக்கிழமையே கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வீட்டில் நிற்க முடியவில்லை, இங்கேயாவது நிற்கிறேன் என்றானாம். நின்றான், அவ்வளவுதான். பந்து வரும்போது அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். வாரம் நாலு கோல், ஐந்து கோல் போனது. "பூட்டு திறந்து கெடக்குதுடோய்" என்று வெளியூர்க்காரன் ஒருவன் கத்தியபோது, சொந்த ஊர்க் கூட்டம் அவனை மைதானத்தை விட்டே துரத்தியது.

பலகைக்காரரை யாரும் துரத்தவில்லை. பேச்சைத்தான் நிறுத்தினார்கள். அவர் வந்தால் பெஞ்சில் இடம் அகலமாகக் கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் போன். சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு, "சார், மில் டீம் என்னாச்சு?" என்று ஒரு கரகரத்த குரல். சளி பிடித்தவன் குரல். முதல் வாரம் பத்தோடு பதினொன்று என்று இவர் சொல்லிவிட்டு வைத்தார். இரண்டாவது வாரம், "மில் பூஜ்யம், துறைமுகம் நாலு. மில் பூஜ்யம், துறைமுகம் நாலு" என்றதும் அந்தக் குரல், "மில் பூஜ்யம், துறைமுகம் நாலு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு வைத்தது.

பலகைக்காரர் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே இருந்தார். போன் பண்ணுகிற ஊர்க்காரர்கள் யாரும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள். "அப்படியா, நாசமாப் போச்சு" என்பார்கள். திருப்பிச் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் பேனாக்காரர். இன்னொருத்தன் ஏணி மேல் நின்றவன். குரலை மாற்றிக்கொண்டவன் பழக்கத்தை மாற்ற மறந்துவிட்டான்.

ஐந்து வாரம் அந்தப் போன் வந்தது. இவர் சொல்லுவார், அவன் திருப்பிச் சொல்லுவான், வைத்துவிடுவான். அண்ணன் என்று அவனும் சொல்லவில்லை, தம்பி என்று இவரும் சொல்லவில்லை. அந்த அரை நிமிஷத்துக்காகச் சனிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்று தெரிந்தபோது இவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

ஆறாவது வாரம் அவன் வைக்கவில்லை. கொஞ்சம் சிரித்தான்.

"என்ன சார், வாராவாரம் நாலு அஞ்சுன்னு வாங்குறாங்க? பூட்டுக்கு என்ன ஆச்சு, துருப்பிடிச்சிடுச்சா?"

பூட்டின் மனைவி செத்ததை இவரால் சொல்ல முடியவில்லை. போன் வைக்கப்பட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. மனைவி பார்த்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் சோற்றுப் பானையை மூடி வைத்தாள்.

"மறுநாள் பேப்பர்ல வர்றதை ஏங்க போன் போட்டுக் கேக்கிறான்? ஸ்கோரா கேக்கிறான் அவன்?"

"தெரியும்."

"பூட்டு பொண்டாட்டி போனது அவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அப்படிக் கேப்பானா?"

"தெரியாமலே இன்னொரு பையை வச்சான்னா?"

அவள் எழுந்து போய், கவிழ்த்து வைத்திருந்த தட்டை எடுத்து முந்தானையால் துடைத்து மறுபடியும் கவிழ்த்து வைத்தாள். "என் கையால தின்னு வளர்ந்தவன். நான் போகச் சொல்ல மாட்டேன். போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

திங்கட்கிழமை அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வழக்கைப் பார்த்த அதிகாரி அதட்டாத ஆள். முழுக்கக் கேட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் விசாரித்துவிட்டு, "வேற வேற ஊர்ப் பொது போன்ல இருந்து பேசுறான். எந்த ஊரு, எந்தப் பெட்டின்னு கண்டுபிடிச்சு ஆள் போய்ச் சேர ஆறு நிமிஷம் வேணும். அவன் அரை நிமிஷத்துல வச்சுடுறான். ஆறு நிமிஷம் நீங்க பேச வைக்கணும்" என்றார்.

"சுட மாட்டீங்கதானே சார்?"

"கையில ஆயுதம் எடுக்காம இருந்தா எதுக்குச் சுடப் போறோம்? போன் பேசிட்டு இருக்கிறவனுக்குக் கை ஒழியாது. அவன் உங்களோட பேசிட்டு இருக்கிற வரைக்கும் உயிருக்கு ஆபத்தில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலகைக்காரர் சனிக்கிழமை வரை மனசுக்குள் வைத்து உருட்டினார். அவன் உயிர் ஆறு நிமிஷப் பேச்சில் இருந்தது. ஆனால் தோற்ற கதையை ஆறு நிமிஷம் எவன் கேட்பான்? ஜெயித்தால் கேட்பான். கடவுளே, இந்த ஒரு வாரம் மில் ஜெயிக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டீமுக்காக வேண்டிக்கொண்டார்.

சனிக்கிழமை கடைசி ஆட்டம் மில்லுக்கும் பஸ் டிப்போ டீமுக்கும். பாதி ஆட்டத்துக்குள்ளேயே டிப்போ நாலு போட்டுவிட்டது. முடிவில் ஆறுக்குப் பூஜ்யம். ஒன்பதாம் எண் தகட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். அறைக்குள் அதிகாரி காதில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

ஐந்தரைக்குப் போன் மணி அடித்தது.

"சார், மில் டீம் என்னாச்சு?"

பலகைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "மில் ரெண்டு, டிப்போ ஒண்ணு" என்றார்.

இரண்டாவது தடவை சொல்ல நாக்கு எழவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரி கடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடப் போகிறான் என்று நினைத்தார்.

"ஜெயிச்சுட்டோமா?" என்றது குரல். கரகரப்பு குறைந்திருந்தது. "எப்படி? சொல்லுங்க."

பொய் சொல்லிப் பழகாத வாய்க்குப் புதிதாக ஒரு ஆட்டம் எங்கிருந்து வரும்? பதினோரு வருஷத்துக்கு முந்தின ஆட்டம் ஒன்றை எடுத்தார். இதே மில், இதே டிப்போ, இதே இரண்டுக்கு ஒன்று. அதை இன்றைக்கு நடந்ததாகச் சொல்லிக்கொண்டு போனார். முதலில் டிப்போ போட்டதைச் சொன்னார். மில்லின் குண்டு பார்வர்டு விழுந்து எழுந்து தலையால் முட்டினதைச் சொன்னார். அந்தப் பக்கம் "ம்" கொட்டியது. அதிகாரி இரண்டு விரலைக் காட்டினார். நாலு விரலைக் காட்டினார். மழை பிடித்துக்கொண்டதையும், சுண்ணாம்புக் கோடு கரைந்து ஓடினதையும் சொன்னார். அன்று காலையிலிருந்து வானத்தில் பொட்டு மேகமில்லை.

"அப்புறம் அவங்களுக்கு ஒரு பெனால்டி. மைதானம் மூச்சு விடலை. பூட்டு இப்படிக் குனிஞ்சு நிக்கிறான். அடிச்சான் பாரு, இடது மூலைக்கு. பூட்டு பறந்தான்டா. விரல் நுனியில தட்டி விட்டான்."

டா என்று வாயில் வந்துவிட்டது. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே" என்றது குரல். அது சின்னவன் குரல்தான், சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. "நீ சொல்லு அண்ணே. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன். கடைசி கோலு?"

"கடைசி கோலு... விசிலுக்கு ஒரு நிமிஷம் இருக்கு. பூட்டு உதைச்ச பந்து..."

அங்கே ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. யாரோ அதட்டினார்கள். ரிசீவர் கம்பியில் தொங்கிச் சுவரில் மோதியது, டொக், டொக், டொக் என்று. துப்பாக்கிச் சத்தம் வருகிறதா என்று இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வரவில்லை. வேறொருவன் ரிசீவரை எடுத்து, "புடிச்சாச்சு சார்" என்றான்.

அதிகாரி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். இவர் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. பேனாக்காரர்.

"அண்ணே, எங்க போனீங்க? பக்கம் மூடணும். முதல் பக்கத்தையே கலைச்சுப் போட்டுட்டாங்க, யாரையோ பிடிச்சுட்டாங்களாம். சீக்கிரம் சொல்லுங்க." பிடித்தது யாரை என்று அவருக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

பலகைக்காரர் சொன்னார். ஆசிரியர் அணி ஒன்று, மின்வாரியம் ஒன்று, இரண்டு தடவை. தீயணைப்பு மூன்று, துறைமுகம் இரண்டு, இரண்டு தடவை. தபால் ஊழியர் பூஜ்யம், நகராட்சி இரண்டு, இரண்டு தடவை. அப்புறம் நிறுத்தினார். லாக்கப்பில் நாளைக்குக் காலையில் பேப்பர் கொடுப்பார்கள். அவன் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவான், சின்ன வயசுப் பழக்கம். அண்ணன் தன்னை வஞ்சித்துப் பிடித்துக் கொடுத்தான் என்பது தெரியட்டும், அது உண்மைதான். ஆனால் கடைசியாகப் பேசின பேச்சும் பொய் என்று தெரிய வேண்டாம்.

"மில் ரெண்டு, டிப்போ ஒண்ணு" என்றார்.

"ரெண்டாவது தடவை சொல்லலையேண்ணே?"

"கேட்டுச்சுல்ல. எழுது."

மறுநாள் முதல் பக்கத்தில் முகத்தைத் துணியால் மூடிச் சின்னவனை இழுத்துப் போகிற படம். கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் முடிவுகள். டிப்போ டீம் ஆட்கள் எட்டு பேர் பேப்பரோடு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

"பெரியவரே, நாங்க போட்ட ஆறு கோலையும் எந்தக் கிணத்துல போட்டீங்க?" என்று அவர்களுடைய கேப்டன் கையை நீட்டினான். பக்கத்தில் நின்ற ஒருத்தன் பேப்பரைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டி அவன் காதில் ஏதோ சொன்னான். கேப்டன் கை தானாக இறங்கியது. திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் பேப்பரில் திருத்தம் வந்தது. பேனாக்காரர் போன் பண்ணினார். திட்டுவார் என்று இவர் எதிர்பார்த்தார். "இனிமே மைதானத்துச் செக்ரட்டரியே முடிவு சொல்லிடுவாராம் அண்ணே. மேலே முடிவு பண்ணிட்டாங்க" என்றார். அவர் குரல்தான் உடைந்திருந்தது.

அன்று சாயங்காலம் பூட்டு வந்தான். அறை வாசலில் நின்றான். கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் இருந்தது.

"அந்த அதிகாரி வீட்டுக்கு வந்திருந்தாரு. என் பேரைச் சொல்லித்தான் அவனை நிறுத்தி வச்சீங்களாமே? பெனால்டியைப் பிடிச்சேன்னு."

"ஆமாம்பா." பலகைக்காரர் எழுந்து நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பூட்டு பேப்பரையே பார்த்தான். "அன்னைக்கு அவ வந்திருந்தா. அந்தப் பழைய ஆட்டத்துக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி. மழையில நனைஞ்சுக்கிட்டே நின்னா." பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் இவரிடம் பேசியதில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயிலில் பார்க்க அனுமதி கிடைத்தது. அண்ணி வரவில்லை. துவைத்து மடித்த ஒரு போர்வையைக் கொடுத்தனுப்பினாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சின்னவன் வந்து உட்கார்ந்தான். மெலிந்திருந்தான்.

"கோர்ட்டுல ஏழு பேரையும் படிச்சாங்க அண்ணே. ஏழாவது பேருக்குப் புருஷன் பேரையும் சேர்த்துப் படிச்சாங்க. பேப்பர்ல அந்தப் பேருங்க போட்டிருந்த பக்கத்தை நான் படிக்கவே இல்லை. கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்ப்பேன்." வலையில் விரலைக் கோத்துக்கொண்டான். "துருப்பிடிச்சிடுச்சான்னு கேட்டேனே. அப்பவே ஏன் சொல்லலை?"

"வாய் வரலைடா."

"போலீசுக்குப் போக மட்டும் கால் வந்துச்சாக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. பழைய கேலிக் குரல். பலகைக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

"பொய் சொல்லிப் புடிச்சுக் குடுத்துட்டேன்டா உன்னை."

சின்னவன் தலையை ஆட்டினான். "நீ ஒரு தடவைதான் சொன்னே அண்ணே."

பலகைக்காரர் நிமிர்ந்தார்.

"மில் ரெண்டு, டிப்போ ஒண்ணு. ஒரே தடவை. ரெண்டாவதுக்குக் காத்திருந்தேன், வரலை. அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்புறம் அந்த மழை ஆட்டத்தை எடுத்து விடுறே. அந்த ரெண்டாவது தகட்டை மாட்டுனது நான்தானே? ஏணி வழுக்கிச்சே."

"தெரிஞ்சும் ஏண்டா வைக்கலை? ஓடியிருக்கலாமேடா."

"எங்க ஓடுறது?" என்றான். பிறகு, "நீ அவ்வளவு நேரம் என்கிட்ட பேசினதே இல்லையே" என்றான்.

காவலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இவர் போர்வையை எங்கே கொடுப்பது என்று கேட்க நினைத்து மறந்தார். கண்ணைத் துடைக்கவும் மறந்தார்.

"நேத்து மில் ஆடுச்சா?" என்றான் சின்னவன்.

"ஆடுச்சு."

"கோல்ல அவரு நின்னாரா?"

"நின்னாரு."

"எத்தனை?"

"மில் பூஜ்யம், நகராட்சி நாலு" என்றார் பலகைக்காரர். மூச்சை இழுத்துக்கொண்டு, "மில் பூஜ்யம், நகராட்சி நாலு" என்றார்.

சின்னவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. "மில்" என்று ஆரம்பித்தவனுக்கு அதற்கு மேல் வரவில்லை. நெற்றியை வலையில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன் காத்திருந்தார். நேரம் முடிந்தது என்று காவலர் வந்து தோளைத் தொடும் வரை, திருப்பிச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.